பேர் கூப்பிடும் நேரம்

சமீனா இத்தா இருந்த வீட்டில் துணி மாட்ட அவளுக்கென்று ஒரு ஆணிகூடக் கிடையாது. அஷ்ரப்பைக் கட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் கம்பத்தில் இந்த வீட்டில் அவள் தங்கிய நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம் தேறுமா என்பது சந்தேகம். அவன் இங்கே ஏலக்காய் வியாபாரி. அவள் வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. பெருநாளைக்கு அவள் வருவாள், சீசன் முடிந்தால் அவன் போவான், மற்றதெல்லாம் போன்தான். போனிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள் என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசட்டுமே! அந்தப் போனில் அவர்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பை, கேலி பேசியவர்களில் எத்தனை பேர் ஒரே கூரைக்குக் கீழே இருந்து சிரித்திருப்பார்கள்?

இப்போது அந்தப் போனும் இல்லை. போடியில் ஏலத்துக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. விமானம் பிடித்து மதுரை வந்து, அங்கிருந்து கார் பிடித்து, அடக்கம் செய்யத் தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் முகம் பார்த்தாள். அதோடு இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. உத்தமபாளையத்தில் அவளைப் பெற்றவர்கள் இருந்திருந்தால் துணைக்கு யாராவது வந்திருப்பார்கள். அவர்களும் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று.

வீட்டில் மிச்சம் இருந்தது மாமியார் அம்சத் பீவி மட்டும். மாமி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால்கூட ஏதாவது பேச்சு நடந்திருக்கும். மாமி பேசவே மாட்டாள். சோறு வைப்பாள், "சாப்புடுத்தா" என்பாள், போய்விடுவாள். சமீனாவுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று இருந்தது அஷ்ரப் ஒருத்தன்தான், இப்போது அவன் பேரை எடுத்தால் இரண்டு பேருக்கும் தாங்காது. ஆக, அந்த வீட்டில் மிக்ஸி ஓடினால்தான் சத்தம்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் மாமியைச் சுற்றி உட்கார்ந்து மாமியோடு அழுதார்கள். நியாயம்தானே, அவள் பெற்றவள். சமீனாவிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் வேலையைப் பற்றிக் கேட்டார்கள்.

"நீ என்ன வேலைத்தா பாக்குற?"

"வாயுவைச் சூடாக்கிச் சூரியனுக்குள்ள இருக்கற மாதிரி நெருப்பை உண்டாக்கப் பாக்குறோம். அதுல இருந்து கரண்டு எடுக்கலாம்."

"கேஸ் கம்பெனியா?"

இன்னொருத்தி ஞானம் வந்தவளாய்க் குறுக்கே வந்தாள். "பொட்டிப்புரத்துல மலையக் கொடையணும்னு வந்தாகளே, நீ அவுக கோஷ்டியா?"

"இல்லீங்க. அது நியூட்ரினோ ஆராய்ச்சி. அது வேற, இது வேற."

"எதுவோ ஒண்ணு. மலையத் தொடாம இருந்தாச் சரி" என்று அவள் முடித்துக்கொண்டாள். அஷ்ரப் இருந்திருந்தால் இதைக் கேட்டு உருண்டு புரண்டு சிரித்திருப்பான். அந்த நினைப்பு வந்ததும் சமீனா எழுந்து உள்ளே போய்விட்டாள். மகராசி அழக்கூட மாட்டேங்கிறாளே என்று பின்னால் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

அவள் வேலை பார்த்த கருவிக்கு டோக்கமாக் என்று பேர். உளுந்த வடையைப் பெரிய அறை அளவுக்கு ஊதிப் பெருக்கி, உள்ளே கூடாக்கி, இரும்பில் செய்தால் எப்படி இருக்கும்? அதுதான். உள்ளே இருக்கிற காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, ஹைட்ரஜனைக் கொஞ்சூண்டு விட்டு, அதற்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது பல லட்சம் டிகிரிக்குச் சூடேறிப் பிளாஸ்மாவாகும். அந்தச் சூட்டை எந்தப் பாத்திரம் தாங்கும்? அதனால் சுவரில் படாமல் காந்தங்களை வைத்து அந்தரத்தில் நிறுத்தி வைப்பார்கள். ஒரு தடவை பற்றவைப்பதற்கு ஒரு ஷாட் என்று பேர். ஒரு ஷாட் ஒரு செகண்டுகூட நிற்காது. பிறகு காந்தச் சுருள்கள் ஆறும்வரை காத்திருந்து அடுத்தது.

பிளாஸ்மா நிற்காமல் சரிந்து விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே சின்னதாக ஒரு முடிச்சு விழும். அது சுழன்றுகொண்டே இருக்கும்வரை பாதகமில்லை. சுழற்சி நின்றதோ, கண் இமைப்பதற்குள் எல்லாம் அணைந்து, அந்தச் சக்தி முழுவதும் சுவரில் போய் மோதும். அந்த முடிச்சை நிற்கவிடாமல் சுழற்ற ஒரு வழி இருக்கிறது என்று சமீனா வருஷக்கணக்காகச் சொல்லிவந்தாள். பிளாஸ்மாவின் ஓரத்தில் புரோப் என்ற உலோகக் கம்பியை நுழைத்து, அதில் சரியான நேரத்தில் மின்னழுத்தம் கொடுத்தால் போதும். கணக்கில் வந்தது. யாரும் நம்பவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இப்போதுதான் அவளுக்கு மெஷினில் சில நாட்கள் ஒதுக்கியிருந்தார்கள். அது முடிந்ததும் மெஷினைப் பிரித்துப் போட்டுப் புதுப்பிக்கப் போகிறார்கள். பிறகு எப்போது பூட்டுவார்கள், அதில் அவளுக்கு இடம் உண்டா என்பதெல்லாம் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அந்த நாட்கள் சரியாக இத்தாவுக்குள் வந்து விழுந்தன.

நிலையத்தில் நல்ல மனுஷர்கள்தான். வீட்டிலிருந்தே நடத்துங்கள் என்று இணைப்புப் போட்டுக் கொடுத்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டதற்கு, கேமராவை மூடிவிட்டு வேலைக்குத் தேவையானதைப் பேசலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். அஷ்ரப்பின் அறையில், ஏலக்காய் வாசம் இன்னும் போகாத மேசையில், சமீனா லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

அந்தக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு வழக்கம். ஷாட்டுக்கு முன்னால் அன்றைய சோதனையை நடத்துகிறவர் ஒவ்வொரு பிரிவையும் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும், பிரிவுக்குப் பொறுப்பானவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற மாதிரி. இந்த நாட்களில் கூப்பிட்டவள் சமீனா.

"வேக்குவம்?"

"ரெடி."

"மேக்னெட்?"

"ரெடி."

"கேஸ்?"

"ரெடி."

"புரோப்?"

"ரெடி."

"எவ்வளவு உள்ள?"

"ரெண்டு சென்டிமீட்டர் உள்ள."

கடைசிக் குரல் கார்த்திக்ராஜுடையது. கடமலைக்குண்டுக்காரன், புரோப்பை நகர்த்துவது அவன் வேலை, அந்த அறையில் அவளிடம் தமிழ் பேசுகிற ஒரே ஆள். எல்லாரும் ரெடி என்ற பிறகு எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். அப்போதும்கூட யார் வேண்டுமானாலும் "ஸ்டாப்" என்று ஒரு சொல் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். ஏன் எதற்கென்று கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சொல் காதில் விழ வேண்டும். எண்ணிக்கை ஓடும்போது திரையில் தட்டி அனுப்புகிற எழுத்தை எவனும் பார்க்க மாட்டான்.

ஹெட்போன் இருந்தும் சமீனா அதை மாட்டிக்கொள்ளவில்லை, ஸ்பீக்கரில்தான் வைத்தாள். மதியம் முழுக்க அஷ்ரப்பின் அறையில் நான்கைந்து குரல்கள் சளசளத்தன. யாரோ டீ கேட்டார்கள், யாரோ இருமினார்கள். அது அவளுக்கு வேண்டியிருந்தது. ஷாட் முடிந்ததும் கேமராப் படம் வரும். ரோஜா நிறத்தில் ஒரு வளையம். நடுவில் இருப்பது கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு சூடு. அதைப் பார்த்து அங்கே கைதட்டுவார்கள், இங்கே அவள் தனியாகச் சிரிப்பாள். ஒவ்வொரு நாளும் முடிச்சு இன்னும் கொஞ்ச நேரம் சுழன்றது. இனி முழு மின்னோட்டத்தில் ஒரு தடவை நின்று காட்ட வேண்டியதுதான் பாக்கி. அது நடந்தால் அவள் சொன்னது மெய் என்று யாரும் மறுக்க முடியாது.

சில சமயம் கதவுக்கு வெளியே மாமி இருமுவது கேட்கும். கதவு திறக்காது. இருமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும்.

முழு மின்னோட்டத்துக்குக் குறித்திருந்த நாளில், காலையிலேயே நசீமா வந்தாள். அஷ்ரப்பின் தங்கை. சின்னமனூரில் கொடுத்திருக்கிறது. வந்தவள் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள், புடவைத் தலைப்பைத் திருகினாள், பிறகு ஆரம்பித்தாள்.

"மதினி, தப்பா நெனச்சுக்கிறாதீக. தெருவுல ஒரு மாதிரிப் பேசிக்கிறாக."

"என்னன்னு?"

"இத்தாவுல இருக்கறவ மத்தியானம் பூராம் ஆம்பளைகளோட சத்தம் போட்டுப் பேசிக்கிட்டு இருக்கான்னு."

"ஹஜ்ரத்தே சரின்னு சொன்னாக, நசீமா."

"ஹஜ்ரத்து சொன்னாக, தெரு சொல்லணும்ல? சரி, தெருவ விடுங்க. அது எதத்தான் சொல்லல. அம்மாவ நெனச்சீகளா? மவன் போன வீட்டுல ரெடி ரெடின்னு கெக்கெக்கேன்னு சத்தம் கேட்டா அதுக்கு வயிறு எரியாதா? அது வாயத் தொறந்து சொல்லாது. மூஞ்சியப் பாத்தாத் தெரியல?"

சமீனா மாமியின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அந்த முகத்தில் என்னத்தைக் கண்டாள்! அது என்றைக்கும் இருக்கிற முகம். ஆனால் கதவோரத்து இருமல் ஞாபகம் வந்தது. யா அல்லாஹ், கண்டிக்கத்தான் வந்து வந்து இருமியிருக்கிறாள், நாசூக்கு தெரியாமல் நான்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அவள் கூனிக் குறுகிப் போனாள். மாமியிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வீட்டில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள், இதைக் கேட்க?

அன்று மதியம் ஹெட்போனை மாட்டினாள். மைக்கை மூடினாள். தொண்டை சரியில்லை, இன்று எழுதியே அனுப்புகிறேன் என்று தட்டினாள். பரவாயில்லை, பேர் கூப்பிடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அங்கிருந்த ஷிப்ட் பொறுப்பாளர். நல்ல மனுஷர். ஆனால் எந்தப் பிரிவிடம் என்ன கேட்க வேண்டும் என்பது சமீனா மனதில் இருந்தது, அவர் மனதில் இல்லை. அவர் ரெடியா என்று மட்டும் கேட்டார். எல்லாரும் ரெடி என்றார்கள்.

முதல் ஷாட் பாதி மின்னோட்டத்தில் நன்றாகவே போயிற்று. அடுத்தது முழு மின்னோட்டம். அதற்குப் புரோப்பைக் கொஞ்சம் வெளியே இழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சூட்டுக்குக் கம்பி உருகிவிடும். "புரோப்பை வெளியே இழுக்கவும்" என்று சமீனா எழுதினாள். அதே நேரத்தில் வேறு நாலு பேர் வேறு எதையெதையோ எழுதினார்கள். அவள் எழுதியது திரையில் மேலே ஏறி மறைந்துவிட்டது.

"புரோப்?" என்றார் பொறுப்பாளர்.

"ரெடி" என்றான் கார்த்திக்ராஜ். எவ்வளவு உள்ளே என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. சமீனா தன் திரையில் புரோப் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இருந்த இடத்திலேயே இருந்தது. கம்பி புதிது என்பதால் அது தப்பான இடத்தில் இருந்தால் ஷாட்டைத் தானாக நிறுத்துகிற பூட்டு இன்னும் போட்டிருக்கவில்லை. அவள் படபடவென்று "ஸ்டாப்" என்று தட்டினாள். மறுபடி தட்டினாள். பெரிய எழுத்தில் தட்டினாள். யார் பார்த்தார்கள்?

மைக் பொத்தானுக்குக் கை போனது. அப்போது கதவுக்கு வெளியே மாமி இருமினாள்.

கை நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த ஒரு மூச்சுக்குள் மாமியின் முகமும், நசீமா திருகிய தலைப்பும், மகராசி அழக்கூட மாட்டேங்கிறாளே என்ற குரலும் எல்லாம் வந்து போய்விட்டன. பிறகு அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். வாயையும் திறந்துவிட்டாள். எண்ணிக்கை முடிந்திருந்தது.

படத்தில் ரோஜா நிற வளையம் எழுந்தது, ஒரு பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாய்ப் பொறி சிதறியது, திரை இருட்டானது.

அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கம்பியின் முனை உருகி உள்சுவர் முழுக்கத் தெறித்திருந்தது. மெஷினைத் திறந்து சுத்தம் செய்யாமல் இனி ஒரு ஷாட்கூடப் போட முடியாது. எப்படியும் பிரிக்கப் போகிற மெஷின், அதனால் இன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவெடுக்க அவர்களுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. யாரும் அவளைக் கடிந்து பேசவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பாளர் சொன்னார். இணைப்பு அறுந்தது.

கொஞ்ச நேரத்தில் கார்த்திக்ராஜ் போன் பண்ணினான். பையன் அழுகிற நிலையில் இருந்தான்.

"அக்கா, நீங்க எழுதுனத நான் பாக்கலக்கா. தெனமும் நீங்க எம்புட்டு உள்ளன்னு கேப்பீக, நானும் பாத்துச் சொல்லுவேன். இன்னைக்குக் கேக்கலயா, நானும் அப்பிடியே விட்டுட்டேன். என் தப்புத்தான்."

"உன் தப்பு இல்ல கார்த்தி."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா. தொண்டை கட்டியிருந்தாலும் ஸ்டாப்னு ஒரு வார்த்தை."

சொல்லியிருக்கலாம். அவள் போனை வைத்துவிட்டு அஷ்ரப்பின் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. எதற்காக வந்ததென்று பிரித்துச் சொல்ல முடியாது. பல வருஷத்து உழைப்பு போனதற்கும்தான். வேலையில் இப்படி மண் விழுந்தால் கூப்பிட்டுப் புலம்ப இருந்த ஒரே ஆள் மண்ணுக்குள் போனதற்கும்தான். துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள், அதுவும் மாமிக்காகத்தான்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கதவு திறந்தது. மாமி டம்ளரில் சுக்குக் காப்பியோடு நின்றாள். நசீமா அதற்குள் சின்னமனூருக்குப் பஸ் ஏறிப் போயிருந்தாள். மாமி காப்பியை மேசையில் வைத்தாள், ஆனால் வழக்கம்போலப் போகவில்லை.

"தொண்டைக்கு என்னத்தா?"

"ஒண்ணுமில்ல மாமி."

"பெறகு ஏன் இன்னைக்குக் கூப்புடல?"

"யாரை மாமி?"

"அதான், தெனமும் வரிசையாக் கூப்புடுவேல்ல? நீ இங்கன இருந்து கூப்புட, அங்கன ஒவ்வொருத்தரா ரெடி ரெடிங்கிறாகளே." மாமி கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். "நான் மத்தியானம் லுஹர் தொழுதுட்டு அதுக்குன்னே வந்து இந்தச் சுவத்தோரமா உக்காந்துக்கிருவேன். என்னான்னு ஒரு எழவும் புரியாது. ஆனா வீட்டுல நாலு பேரு இருக்கற மாதிரி இருக்கும். கூப்புட்டவுக எல்லாரும் பதில் சொல்றாக பாரு, அதக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு இருக்கும்."

சமீனா மாமியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் வந்து உக்காந்தேன். ஒரு சத்தமும் இல்ல. கதவத் தட்டலாமான்னு பாத்தேன், உன் வேலயக் கெடுத்துருவமோன்னு பயம். ரெண்டு வாட்டி இருமிப் பாத்தேன். உனக்குக் கேக்கலபோல."

கேட்டது மாமி, கேட்டதுதான் வினை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் இதையும் ஏற்றி வைப்பதா? அவள் அந்த ஒன்றைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். இந்த ஜென்மத்தில் அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்பதும் அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்குக் கூப்புடுவேல்லத்தா?" என்று மாமி கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்பது போலத் தரையைப் பார்த்தாள்.

"கூப்புடுவேன் மாமி."

மறுநாள் மதியம் பள்ளிவாசலில் லுஹர் தொழுகை முடிந்தது. சமீனா அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். திரையில் ஒன்றும் இல்லை. அங்கே இந்நேரம் மெஷினின் நட்டு போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். கதவை விரியத் திறந்து வைத்தாள். சுவரோரத்தில் மாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்டது.

பைத்தியக்காரத்தனம்தான். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? வாக்குக் கொடுத்தாயிற்று.

"வேக்குவம்?" என்றாள்.

ஒருத்தன் ரெடி என்று சொல்கிற நேரம்வரை காத்திருந்தாள்.

"மேக்னெட்?"

தெருவில் ஒரு ஆட்டோ போனது. அது போன பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"கேஸ்?"

"ஏன்த்தா" என்றாள் மாமி வெளியிலிருந்து, "யாரும் பேசக் காணோமே?"

பொய் சொல்ல நினைத்துத்தான் சமீனா வாயைத் திறந்தாள். லைன் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை. "இன்னைக்கு அங்கன யாரும் இல்ல மாமி" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "எல்லாரும் போயிட்டாக."

மாமி சின்னப் பிள்ளையைச் சமாதானம் பண்ணுகிற குரலில் சொன்னாள்.

"போனா என்ன? நீ பாட்டுக்குக் கூப்புடு. நான் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

சமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பேரைக் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டாள்.